எட்டாங்கட்டைக்குக் கொண்டுபோனது

நவமணி வேலை செய்யும் இடத்தில் காலை முதல் மாலை வரை மெழுகு உருகிக்கொண்டே இருக்கும். மலேசியாவில், ஈப்போ நகரத்தின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சவக்கிடங்குக்குப் போகும் தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்து இடப்பக்கம் திரும்பினால் அந்த ஆய்வுக்கூடம். அறுவைக்கூடத்தில் உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் அது பார்மலின் ஊற்றிய போத்தலில் அங்கேதான் வந்து சேரும். பித்தப்பை, கர்ப்பப்பை, மாரில் எடுத்த கட்டி, சர்க்கரை வியாதியில் கறுத்துப்போன கால்விரல். டாக்டர் அதை வெள்ளைப் பலகையில் வைத்துப் பார்த்து, வேண்டிய இடத்தில் துண்டு போடுவார். துண்டுகள் ஓட்டை போட்ட சிறு பிளாஸ்டிக் டப்பிகளுக்குள் அடைபட்டு, எந்திரத்துக்குள் ராத்திரி முழுக்கக் கிடந்து, தம்மிடமிருந்த ஈரத்தையெல்லாம் விட்டு மெழுகைக் குடித்து விறைத்து வெளியே வரும்.

அதற்குப் பிறகு நவமணியின் கை. உருகிய மெழுகை அச்சில் ஊற்றி, துண்டின் சரியான முகம் கீழே இருக்கும்படி இடுக்கியால் நிறுத்துவாள். மெழுகு உறைந்து கட்டியானதும் அதை ஐஸ் தட்டில் குளிரவைத்து, சீவும் எந்திரத்தில் மாட்டுவாள். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, கத்தியின் விளிம்பிலிருந்து மெழுகு நாடா இறங்கும். பக்கத்தில் யாராவது தும்மினால் அது பறந்துவிடும். அதனால் சீவும்போது பேச மாட்டாள். நாடாவைத் தூரிகை நுனியில் ஏந்தி வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கங்கள் தாமாக விரிந்துகொள்ளும். பிறகு கண்ணாடிச் சில்லில் ஏந்தி, சூடுகாட்டி, ஊதாவிலும் ரோஜாநிறத்திலும் சாயம் ஏற்றி, டாக்டரின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேலை முடிந்து புந்தோங் வீட்டுக்குத் திரும்பினால் பின்வாசல் வழியாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குள் நுழைவாள். இந்தப் பழக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவளுடைய தம்பி சுரேனின் மனைவி தினேஸ்வரி முழுகாமல் இருந்தாள். நவமணியின் தலைமுடியிலிருந்து வரும் மருந்து வாடை அவளுக்குக் குடலைப் புரட்டியது.

வீட்டில் மூன்றே பேர். அம்மா போன பிறகு சுரேனைப் படிக்கவைத்ததும் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் நவமணிதான். தனக்கென்று வந்த பேச்சுகளெல்லாம் அந்த ஓட்டத்தில் எங்கோ நின்றுபோயின. நாற்பது தாண்டிய பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. சுரேன் மெங்லெம்பு பக்கம் ஒரு கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டினான். தினேஸ்வரி ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கல்யாணமாகிப் பல வருசம் கழித்துத் தரித்த கரு என்பதால், தெரிந்த அன்றே வேலையை விட்டுவிட்டாள்.

அவளுக்கு வந்த வாந்தி சாதாரண வாந்தியில்லை. வெறும் தண்ணீர்கூட நிற்காது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்தபடி சிரிப்பாள்.

“உள்ள இருக்கிறது சரியான அடங்காப்பிடாரிக்கா. அப்படியே ஒங்க தம்பிதான்.”

வயிறும் மாதத்துக்கு மீறி மேடிட்டது. பக்கத்து வீடுகளில் பார்த்தவர்கள் எல்லாம் இரட்டைப்பிள்ளை என்றார்கள். கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தவர் பை தெரிகிறது, இன்னும் சின்னது, அடுத்த தடவை நன்றாகப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார். அந்த அடுத்த தடவைக்கு முன்பே ஒரு காலையில் உதிரம் கண்டது. ஆஸ்பத்திரியில் கரு நிற்கவில்லை என்று சொல்லிச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் நவமணி பூண்டு ரசம் வைத்து, கருவாடு பொரித்து, கொஞ்சம் சோற்றைக் குழைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தினேஸ்வரி மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வெளியே மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது.

“எந்திரிம்மா. ரெண்டு வாய் சாப்பிடு.”

தினேஸ்வரி திரும்பவில்லை. “அக்கா, வார்டு மிஸ்ஸிகிட்ட கேட்டேன், என் புள்ளய எங்க வச்சிருக்கீங்கன்னு. லேப்புக்குப் போயிருச்சுன்னாங்க. ஒங்க லேப்புதானே?”

“எங்க லேப்புதான்.”

“அப்ப நீங்க பாப்பீங்க.”

“பாப்பேன்.”

அவள் திரும்பிப் படுத்தாள். வாந்தி எடுத்து எடுத்துக் கன்னம் ஒட்டியிருந்தது. “என்கிட்ட குடுத்துருவாங்களாக்கா? குப்பையில போட்ற மாட்டாங்கல்ல?”

“அப்படியெல்லாம் போட மாட்டாங்க. நாம கேட்டு எழுதிக் குடுத்தா, பாத்து முடிச்சிட்டுத் தருவாங்க.”

“முழுசாக் குடுக்கச் சொல்லுங்க. வெட்டாம.”

“கொஞ்சமா எடுத்துப் பாப்பாங்கம்மா. மிச்சம் அப்படியே இருக்கும்.”

“எங்கருந்து எடுப்பாங்க? கையிலருந்தா?”

நவமணி ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிய சுரேன் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தான்.

“எட்டாங்கட்டையில அப்பா பக்கத்துல வச்சிரலாம்க்கா. ராமையா அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். எடம் இருக்காம். என்னைக்குன்னு சொன்னா குழி வெட்டி வைக்கிறேன்னாரு.”

“நானே கொண்டாறேன்” என்றாள் நவமணி. தினேஸ்வரி எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

*

எட்டாம் மைலில் இருப்பதால் எட்டாங்கட்டை என்று பெயர் பெற்ற தோட்டம், சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அவர்களுடைய அப்பா சின்னையா அங்கே ரப்பர்ப் பால்மரம் சீவியவர். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை போட்ட பிறகு தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். சுடுகாட்டை மட்டும் தொடவில்லை. அதை ஒட்டியிருந்த ஒற்றை வீட்டில் ராமையா, செம்பனைக் குலை வெட்டிக்கொண்டு, யாராவது செத்தால் குழியும் வெட்டிக்கொண்டு, இருந்துவந்தார்.

திங்கட்கிழமை காலையில் தினேஸ்வரியின் போத்தல் டாக்டர் ரொஸ்னாவின் பலகைக்கு வந்தது. தன் வீட்டுப் போத்தல் ஒன்று வரும் என்று நவமணி முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள்.

“மணி, நீ போய்த் தேத்தண்ணி குடி. இதுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்” என்று டாக்டர் மலாயில் சொன்னார்.

“இல்லை டாக்டர். நான் இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.”

டாக்டர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. போத்தலைத் திறந்து சல்லடையில் மெதுவாகக் கவிழ்த்தார். பார்மலின் வடிந்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

ரத்தக்கட்டிகளுக்கு நடுவே வெந்த சவ்வரிசி போல முத்து முத்தாக இருந்தது. சில முத்துகள் தனியாக, சில நூலில் கோத்ததுபோலக் கொத்தாக. உள்ளே நீர் கோத்து விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. இத்தனை வருச வேலையில் நவமணி இதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

டாக்டர் இடுக்கியை எடுத்தார். ஒவ்வொரு கொத்தாகப் பலகையில் பரப்பினார். கட்டிகளைப் பிரித்தார். தண்ணீர் விட்டு அலசினார். வழக்கமாக இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். வேறு போத்தல்கள் வரிசையாகக் காத்திருந்தன. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து முடித்து, முதலில் பார்த்ததையே எடுத்து மறுபடியும் புரட்டினார். தனக்காகத்தான் தேடுகிறார் என்று நவமணிக்குப் புரிந்தது.

“தாக் அடா, மணி” என்றார் கடைசியில். இல்லை.

மலாய்க்காரப் பெண்கள் இதை ‘மெங்கண்டுங் அங்கூர்’ என்பார்கள். திராட்சைக் கர்ப்பம். கரு உண்டாகும்போதே பிசகிப்போய், பிள்ளை என்று ஒன்று உருவாகாமல், நஞ்சுக்கொடி மட்டும் தன் போக்கில் பெருத்துக்கொண்டே போகும். உடம்புக்கு அது தெரியாது. பிள்ளை இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வாந்தி எடுக்கும், மார் கனக்கும், வயிறு மேடிடும். சில பேருக்கு எடுத்த பிறகும் அது உள்ளேயே தங்கி வளர்ந்து புற்றாக மாறுவதுண்டு. அதனால் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். நெடுநாளைக்கு இன்னொரு கரு தரிக்கக் கூடாது.

“நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் எழுதுவேன். கிளினிக்கில் அவர்கள் சொல்லட்டும். நீ வீட்டில் எதுவும் சொல்லாதே. சொன்னால் உனக்கும் கஷ்டம், அவளுக்கும் பாதி பாதியாகத்தான் விளங்கும்.”

நவமணி தலையை ஆட்டினாள். டப்பிகளை மூடும்போது ஒன்று கைநழுவிக் கீழே விழுந்தது. டாக்டரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் அந்த மெழுகுக் கட்டிகளை நவமணிதான் சீவினாள். நாடா ஒழுங்காக இறங்கியது. நீரில் விரித்துப் பார்த்தபோது, டாக்டரின் கண்ணுக்குத் தப்பியது ஏதாவது இதில் இருந்துவிடாதா என்று நினைத்தாள். ஒரு சின்ன எலும்புக் குருத்து, தோலின் ஓர் ஓரம். சாயம் ஏற்றி முடித்ததும் டாக்டரிடம் கொடுக்குமுன் தன் மேசை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். உப்பிய வட்டங்கள். வட்டங்களுக்குள் வெறும் நீர். சில்லைக் கடைசி மூலைவரை நகர்த்தினாள். பிறகு தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

*

அந்த வாரம் முழுக்க வீட்டில் தினேஸ்வரி நவமணிக்காகக் காத்திருந்தாள். அவளுடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்வாசலுக்கு வந்து நிற்பாள்.

“பாத்தீங்களாக்கா?”

“பாத்தேம்மா.”

“எப்படி இருந்துச்சு? மொகம் தெரிஞ்சுச்சா?”

“அதெல்லாம் கிளினிக்குல சொல்லுவாங்க. நான் சொல்லக் கூடாதுலா. வேலை போயிரும்.”

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பொண்ணா, பையனா?”

“குளிச்சிட்டு வாறேம்மா.”

குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் நின்றாள். சொல்லக் கூடாது என்றதையே தினேஸ்வரி வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாசார்ச் சந்தைக்குப் போன சுரேனிடம் வெள்ளை மல்துணி வாங்கிவரச் சொன்னாள். சாப்பிடத் தொடங்கினாள். வாந்தி நின்றுவிட்டிருந்தது. நின்றதற்காக ஒருநாள் அழுதாள்.

கிளினிக்குக்கு சுரேன் லீவு போட்டுக் கூட்டிப்போனான். அன்று நவமணி வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்தபோது, அவன் வாசலில் மோட்டார்க் காடிக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

“ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“ஒரு வாரமா தெரியும்.”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கடா.”

“வேலை பாக்குறவ மாதிரி பேசாதக்கா. எனக்கு நீ அக்காவா, ஆஸ்பத்திரியா?” அவன் குரலை உயர்த்தவில்லை. “அந்த டாக்டரு சின்னப் பொண்ணு. பேபி இல்ல, புவான், பேபி இல்ல, புவான்னு மரியாதையா திருப்பித் திருப்பிச் சொல்லுது. இவ சிரிக்கிறா. வேற யாரோட ரிப்போர்ட்டோன்னு நெனச்சிட்டா. அப்புறம் கேன்சரு மாதிரி ஆகலாம்ங்கிறாங்க. வாராவாரம் வரணுமாம். இவ அதெல்லாம் காதுலயே வாங்கல.”

நவமணி அன்று குளிக்கவில்லை. அப்படியே உள்ளே போனாள். தினேஸ்வரி கூடத்தில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நீங்க என்கிட்ட பொய் சொல்ல மாட்டீங்க. ஒங்க லேப்புல மாத்திக்கீத்தி வச்சிட்டாங்களா?”

“இல்லம்மா. போத்தல் வந்ததுலருந்து நான்தான் கூட இருந்தேன்.”

“அப்ப சொல்லுங்க. கை இருந்துச்சா?”

“இல்லம்மா.”

“காலு?”

“இல்ல.”

“நல்லாத் தேடுனீங்களா?”

நவமணி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். “தேடுனோம்மா. டாக்டரு ரெண்டு தடவ தேடுனாங்க. அப்புறம் நான் தனியா தேடுனேன்.”

“சின்னதா இருந்திருக்கும்லா. தண்ணி ஊத்தி அலசுறப்ப போயிருக்கும்.”

“போகலம்மா. ஆரம்பத்துலருந்தே புள்ள இல்ல. நஞ்சு மட்டும்தான் வளந்துச்சு. நீ எதுவும் தப்பா செய்யல. யாரும் எதுவும் செய்யல.”

தினேஸ்வரி மிகவும் சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

“அப்ப நான் யாருக்குக்கா அழுவுறது?”

நவமணி அவள் கையைப் பிடிக்கப் போனாள். தினேஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள். “போய்க் குளிச்சிட்டு வாங்க. வாடை வருது.”

இரண்டு நாள் அவள் நவமணியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், நவமணி பசியாற உட்கார்ந்திருந்தபோது, கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“போத்தல்ல இருந்தது இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“அத எனக்கு வேணும்.”

பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுரேனுக்கு அது கேட்டது. ஈரச்சட்டையோடு உள்ளே வந்தான். “எதுக்கு? அதான் புள்ள இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல?”

“எனக்கு வேணும்.”

“அது நோயி, ஈஸ்வரி. ஒன்னயே கொன்னுருக்கும். நோயக் கொண்டுபோயி எங்கப்பா பக்கத்துல பொதைக்கச் சொல்றியா?”

“நோயின்னே வச்சுக்குங்க. என் வயித்துலதானே இருந்துச்சு? அதுக்குத்தானே வாந்தி எடுத்தேன்? அதுகிட்டதானே ராத்திரியெல்லாம் பேசிக்கிட்டிருந்தேன்?” அவள் குரல் உடைந்தது. “குப்பையில போடச் சொல்றீங்களா?”

சுரேன் நவமணியைப் பார்த்தான். “நீ சொல்லுக்கா. படிச்சவதானே. சொல்லு.”

நவமணி கோப்பியைத் தொடவில்லை. “நான் கொண்டாறேன்னு சொல்லிருந்தேன்டா. கொண்டாறேன்” என்றாள்.

*

டாக்டர் ரொஸ்னா, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் தாளில் உடனே கையெழுத்துப் போட்டார். மிச்சமிருந்ததை நவமணி பார்மலின் போகப் பலமுறை தண்ணீரில் அலசினாள். தினேஸ்வரி கொடுத்தனுப்பிய மல்துணியில் வைத்து மடித்தாள். ஒரு கைக்குட்டைப் பொட்டலம் அளவுதான் வந்தது. கனமே இல்லை. உடன் வேலை செய்பவர்கள் தங்கள் எந்திரங்களைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்கை சிப்புட் தாண்டிச் செம்மண் பாதையில் காடி ஆடி ஆடிப் போனது. விடியற்காலை பெய்த மழை செம்பனை மட்டைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தினேஸ்வரி பின்சீட்டில் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் நவமணி ஒரு போத்தல் பாலை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஓட்டிவந்த சுரேன் சுடுகாட்டு ஓரத்தில் காடியை நிறுத்தியதும், “நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

சின்னையாவின் சமாதிக்குப் பக்கத்தில் ராமையா முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்திருந்தார். அடியில் மழைநீர் தேங்கியிருந்தது. அதைத் தகரக் குவளையால் மொண்டு வெளியே ஊற்றினார். கணுக்கால்வரை சேறு. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“வாம்மா, வா. பாத்து, வழுக்கும்.” தினேஸ்வரியின் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். “ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா, தாயி? சொல்லி மண்ணு போடணும்.”

தினேஸ்வரி பொட்டலத்தை மாரோடு சேர்த்துக்கொண்டாள். நவமணி பால் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திறக்கவில்லை.

“புள்ளயே இல்லண்ணே” என்றாள் தினேஸ்வரி.

ராமையாவுக்கு விளங்கவில்லை. அவளைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். எங்கோ செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முனகிக்கொண்டு மேடேறியது.

காடிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. சுரேன் சேற்றில் செருப்பு சிக்கிக்கொள்ள, அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தான். வந்து தினேஸ்வரியின் பக்கத்தில் நின்றான்.

“பொம்பளப் புள்ளன்னு வச்சுக்குங்கண்ணே” என்றான்.

ராமையா கையை நீட்டினார். தினேஸ்வரி பொட்டலத்தை அவரிடம் கொடுக்காமல் தானே குழியோரம் மண்டியிட்டு, குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து, உள்ளே வைத்தாள். வைத்த கையை எடுக்க வெகுநேரம் ஆனது. சுரேன் அவளைத் தோளோடு சேர்த்துத் தூக்கி நிறுத்தினான். நவமணியின் கையிலிருந்த போத்தலை ராமையா வாங்கித் திறந்து பாலை ஊற்றினார். வெள்ளைத்துணி நனைந்து ஒடுங்கியது. அப்போதுதான் தினேஸ்வரி அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அழுத அழுகையாக அது இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பெயரில்லாமல், ஐயோ, ஐயோ என்று மட்டும் அரற்றினாள். சுரேன் அவள் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

நவமணி தனியாக நின்றாள். குழியில் இருப்பது என்னவென்று அங்கே நின்ற நாலு பேரில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்தச் சாயத்தில் அது எந்த நிறம் கொண்டது என்பதுகூடத் தெரியும். கிட்டே போய் அவர்களைத் தொடலாமா என்று நினைத்தாள். போகவில்லை.

“அப்பா ஒரு புடி போடு” என்றார் ராமையா. சுரேன் போட்டான். “ஆத்தா, நீ ஒரு புடி.” தினேஸ்வரியின் விரல்களைச் சுரேன் பிரித்து மண்ணை வைத்தான்.

ராமையா சுற்றிலும் பார்த்தார்.

“அத்தக்காரி யாரு? அத்தக்காரி வந்து போடணும்.”

தினேஸ்வரி தலையைத் தூக்கி, ஈரக் கண்ணோடு நவமணி நின்ற பக்கம் பார்த்தாள்.

“நான்தாண்ணே” என்றாள் நவமணி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளினாள்.